ராமனின் பெயர் தாங்கிய தாடை: புதைபடிவக் குரங்குகளை ஆய்பவர் என்ன செய்கிறார்?

பள்ளி நாட்களில் மனிதப் பரிணாமம் என்ற பாடத்தில் நான் மனப்பாடம் செய்த பெயர்களில் ஒன்று ராமாபிதெகஸ். டிரையோபிதெகஸ் குரங்கைப் போன்றது, ராமாபிதெகஸ் மனிதனைப் போன்றது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவிவிடுவோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் ஓர் உண்மை தெரிந்தது. நான் அந்த வரியை உருப்போட்டுக் கொண்டிருந்த காலத்துக்கு வெகு முன்பே, ராமாபிதெகஸ் மனிதனின் மூதாதை அல்ல என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். அந்த முடிவுக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமான ஒருவர், அதே ராமாபிதெகஸை மனிதனின் மூதாதை என்று ஒரு காலத்தில் வாதாடியவர். அவர் பெயர் டேவிட் பில்பீம்.

புதைபடிவக் குரங்குகளை ஆய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் நாள்தோறும் என்னதான் செய்கிறார், எதை வைத்து எதை முடிவு செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு நான் பில்பீமின் கதையைத்தான் சொல்வது வழக்கம். அந்தத் துறையின் வேலைகள் எல்லாம் அவருடைய ஒரே வாழ்க்கைக்குள் வந்துவிடுகின்றன. அதற்கு முன் சில அடிப்படைகள்.

எந்தக் குரங்கு?

தமிழில் குரங்குகளுக்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. மந்தி, கடுவன், முசு, ஊகம் என்று நம் முன்னோர் நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். ஆனால் அவர்கள் கண்ட குரங்குகள் எல்லாம் வாலுள்ளவை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகியவை தமிழகக் காடுகளில் வாழ்ந்ததில்லை. அதனால்தான் அவற்றைக் குறிக்க நமக்குப் பழைய தனிச்சொல் கிடையாது. வாலில்லாக் குரங்கு, மனிதக் குரங்கு என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறோம். நம் ஊர்த் தேவாங்குக்கும் வால் வெளியே தெரியாது என்றாலும் அது இந்தக் கூட்டத்தில் சேராது, முற்றிலும் வேறு கிளை. இந்தியாவில் இன்றும் வாழும் மனிதக் குரங்கு, அசாமிலும் அதையொட்டிய வடகிழக்குக் காடுகளிலும் உள்ள ஹூலக் கிப்பன் மட்டுமே.

வாலில்லாமை ஓர் அடையாளம். ஆனால் மண்ணுக்குள் கிடைப்பது பெரும்பாலும் பல்தான். பல்லை மட்டும் வைத்து வாலில்லாக் குரங்கை எப்படி இனங்காண்பது? கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் சிறு சிறு மேடுகள் இருக்கும். ஆசிய, ஆப்பிரிக்க வாலுள்ள குரங்குகளுக்கு நான்கு மேடுகள். அவை இரண்டிரண்டாக இணைந்து இரு வரப்புகள் போல நிற்கும். மனிதக் குரங்குகளுக்கு ஐந்து மேடுகள். அவற்றுக்கிடையே ஓடும் பள்ளம், கவண் கிளை போல இரண்டாகப் பிரியும். நம் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லிலும் பெரும்பாலும் இதே அமைப்புத்தான். நாக்கால் தடவிப் பாருங்கள். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் இமயத்தின் அடிவாரத்தில் பழம் தின்ற விலங்கின் வாயில் இருந்த வடிவம் நம் வாயிலும் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

இப்போது காலத்தைப் பற்றி. சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தை மயோசீன் என்கிறோம். மனிதக் குரங்குகளின் பொற்காலம் அது. இன்று எஞ்சியிருப்பவை ஒரு கைப்பிடி இனங்கள்தான். மயோசீனிலோ ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா எங்கும் பல டஜன் வகைகள் பரவியிருந்தன. அவற்றில் முதலில் அறிவியலுக்கு அறிமுகமானவற்றுள் ஒன்று, 1856இல் பிரான்சில் கிடைத்த தாடையை வைத்து எதுவார் லார்தே பெயரிட்ட டிரையோபிதெகஸ். பிதெகஸ் என்பது குரங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தத் துறையில் பாதிப் பெயர்கள் அப்படித்தான் முடியும்.

எத்தனையோ வகைகள் வாழ்ந்திருந்தும் நம் கைக்கு வந்தவை ஏன் இவ்வளவு குறைவு? காட்டில் இறந்த உடல் மட்கிப் போகும். வெப்பமண்டலக் காட்டு மண் அமிலத்தன்மை மிகுந்தது, எலும்பையும் அது கரைத்துவிடும். ஆற்று வண்டலோ எரிமலைச் சாம்பலோ விரைந்து மூடினால்தான் எலும்பு கல்லாகும் வாய்ப்புண்டு. சிம்பன்சியின் புதைபடிவம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க பற்கள் 2005இல்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டன. அவையும் கென்யாவில் கிடைத்தவை, ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ஆண்டுகளே பழமையானவை. நம் மிக நெருங்கிய உறவினரின் குடும்ப வரலாறு மண்ணில் ஏறக்குறைய எழுதப்படவே இல்லை.

சிவாலிக் மலையும் கடவுளர் பெயர்களும்

எலும்பைக் காப்பாற்றி வைத்த நிலங்களில் சிவாலிக் தலைசிறந்த ஒன்று. இமயம் உயர உயர, அதை அரித்துக்கொண்டு வந்த ஆறுகள் அடிவாரத்தில் கிலோமீட்டர் கணக்கில் வண்டலைக் கொட்டின. பிறகு அந்த வண்டலே அழுத்தப்பட்டு, மடிந்து, சாய்ந்து, குன்றுகளாக எழுந்தது. இன்றைய பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்தில் தொடங்கி ஜம்மு, இமாசலப் பிரதேசம் வழியாகக் கிழக்கே நேபாளம் தாண்டியும் இது நீள்கிறது. அடுக்குகள் சாய்ந்து கிடப்பதால், அதன் குறுக்கே ஒரு பகல் நடந்தால் பல லட்சம் ஆண்டுகளைக் கடக்கலாம்.

இங்கே கிடைத்த விலங்குகளுக்கு இந்துக் கடவுளரின் பெயரைச் சூட்டுவது 1830களிலேயே தொடங்கிய வழக்கம். ஒட்டகச்சிவிங்கியின் உறவான பெரிய விலங்கு ஒன்று சிவாதீரியம் ஆயிற்று. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கை பில்கிரிம், 1910இல் இங்கே கிடைத்த மனிதக் குரங்கு ஒன்றுக்குச் சிவாபிதெகஸ் என்று பெயரிட்டார். அடுத்து வந்தவர் ஜி. எட்வர்ட் லூயிஸ் என்ற இளைஞர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். 1932இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் பகுதியில் அவருக்கு ஒரு வலது மேல்தாடைத் துண்டு கிடைத்தது. சில பற்கள் மட்டுமே கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் துண்டு. 1934இல் அதற்கு ராமாபிதெகஸ் என்று பெயரிட்டார். அதே கட்டுரையில் வேறு சில துண்டுகளுக்குப் பிரமாபிதெகஸ், சுக்ரீவபிதெகஸ் என்றும் பெயர்கள் வைத்தார். குரங்குக்குச் சுக்ரீவன் பெயர் பொருத்தமானது என்று நமக்குத் தோன்றும். ஆனால் புகழ் ராமனின் பெயர் தாங்கிய தாடைக்கே போய்ச் சேர்ந்தது.

முகம் குட்டையாகவும், பல்வரிசை மனிதனுடையதைப் போல வளைந்தும் இருந்ததாக லூயிஸ் கருதினார். அன்றைய பெரியவர்கள் ஏற்கவில்லை. தாடை யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் ஓர் இழுப்பறைக்குள் போய், கால் நூற்றாண்டுக்கு மேல் உறங்கியது.

மாணவர், ஆசிரியர், ஒரு பெரிய கருத்து

1961இல் அந்த இழுப்பறையைத் திறந்தவர் எல்வின் சைமன்ஸ். யேலுக்குப் புதிதாக வந்திருந்த பேராசிரியர், எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில் பழங்குரங்குகளைத் தேடிப் பெயர் பெற்றவர். தாடைத் துண்டைப் பார்த்து, லூயிஸ் சொன்னது சரி, இது மனிதக் கிளையின் தொடக்கம் என்று எழுதினார். 1940இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்த டேவிட் பில்பீம் அவரிடம் முனைவர் பட்ட மாணவராகச் சேர்ந்தார்.

ஒரு தொல்லுயிரியல் மாணவரின் முதல் சில ஆண்டுகள் பாலைவனத்தில் கழியும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவை அருங்காட்சியக அலமாரிகளின் முன் கழிகின்றன. பில்பீமின் முனைவர் பட்ட ஆய்வு கிழக்கு ஆப்பிரிக்காவின் மயோசீன் மனிதக் குரங்குகளைப் பற்றியது. யாரோ என்றோ தோண்டியெடுத்த எலும்புகளை ஒவ்வொன்றாக அளப்பது, இன்று வாழும் குரங்குகளின் எலும்புக்கூடுகளோடு ஒப்பிடுவது, ஓர் இனத்துக்குள்ளேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்று கணக்கிடுவது. இந்தக் கடைசி வேலை மிக முக்கியமானது. ஆண் கொரில்லாவின் கோரைப்பல்லையும் பெண் கொரில்லாவின் கோரைப்பல்லையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விலங்கு என்றே தோன்றும். இதை மறந்தவர்கள், கிடைத்த துண்டுக்கெல்லாம் ஒரு பெயர் சூட்டிப் பெயர்க் காட்டையே வளர்த்து வைத்திருந்தார்கள். 1965இல் சைமன்ஸும் பில்பீமும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை அந்தக் காட்டைத் திருத்தியது. ஏராளமான பெயர்கள் ஒரு சில பெயர்களுக்குள் அடங்கின. சிவாபிதெகஸ்கூட டிரையோபிதெகஸின் ஒரு பிரிவாகச் சுருங்கியது. ராமாபிதெகஸ் மட்டும் தனியே நின்றது, மனிதக் குடும்பத்தின் முதல் உறுப்பினராக.

வாதம் எப்படிக் கட்டப்பட்டது என்று கவனியுங்கள். தாடைத் துண்டில் நடுப்பகுதி இல்லை. இருக்கும் பாதிக்கு எதிர்ப்பாதியை வரைந்து சேர்த்தால், பல்வரிசை மனிதனுடையதைப் போலப் பின்புறம் விரிந்தது. கோரைப்பல் பொருந்தியிருந்த குழி சிறியது. ஆகவே கோரைப்பல்லும் சிறியது. மற்றக் குரங்குகள் கோரைப்பல்லால் செய்யும் வேலையை இது கையால், ஒருவேளை கருவியால் செய்திருக்க வேண்டும். கை விடுபட்டிருக்க வேண்டுமென்றால் இரண்டு காலில் நடந்திருக்க வேண்டும். சில பற்களிலிருந்து, 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிமிர்ந்து நடந்த ஒரு மூதாதை வரை சங்கிலி நீண்டுவிட்டது.

இன்று அதைப் படித்துவிட்டு எள்ளுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒவ்வொரு கண்ணியும் அன்றைய அறிவுக்குப் பொருத்தமாகவே இருந்தது. கருவியும் நடையும் சிறு கோரைப்பல்லும் ஒன்றாக வந்தன என்பது டார்வின் காலத்திலிருந்தே நிலவிய எண்ணம். பலவீனம் முதல் கண்ணியிலேயே இருந்தது. தாடையின் நடுக்கோடு எங்கே என்று தெரியாமல் எதிர்ப்பாதியை வரைந்தால், சற்றே கோணம் மாறினாலும் வேறு வடிவம் வந்துவிடும்.

முயலின் ரத்தம் சொன்னது

1967இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் இருவரும் எலும்பையே தொடாதவர்கள். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மனித அல்புமினை முயலுக்குச் செலுத்தினால், முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருளைச் சிம்பன்சியின் அல்புமினோடு கலந்தால் எவ்வளவு வலுவாக வினை நடக்கிறதோ அவ்வளவு நெருக்கம் இரண்டுக்கும் என்று பொருள். வினை வலுக்குறைந்தால் புரதம் அதிகம் மாறியிருக்கிறது, பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. வாலுள்ள குரங்குகளும் மனிதக் குரங்குகளும் பிரிந்தது 3 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று வைத்துக்கொண்டு அவர்கள் கணக்கிட்டபோது, மனிதனும் ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளும் பிரிந்தது வெறும் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது.

அப்படியானால் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுப் பழமையான ராமாபிதெகஸ் மனிதக் கிளையில் எப்படி இருக்க முடியும்? கிளையே அப்போது பிரிந்திருக்கவில்லையே. எலும்பு ஆய்வாளர்கள் கொதித்தார்கள். கையில் பல் இருக்கும்போது ஒரு துளி ரத்தத்தை வைத்துக் காலம் சொல்வதா என்பது அவர்கள் கேள்வி. பில்பீமும் அந்த எதிர்ப்பாளர்களில் ஒருவராகவே தொடங்கினார்.

சண்டையைத் தீர்க்கப் புதிய எலும்பு வேண்டும். இந்த இடத்தில்தான் அவர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். இருக்கும் துண்டுகளை வைத்தே இன்னும் பத்துக் கட்டுரைகள் எழுதியிருக்கலாம். அவரோ களத்துக்குப் போனார்.

போட்வாரில்

1973இல் பாகிஸ்தான் நிலவியல் ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து, போட்வார் மேட்டுநிலத்தில் பணி தொடங்கியது. அந்த நிறுவனத்தின் இப்ராஹிம் ஷாவும், மஹ்மூத் ராஸா போன்ற பாகிஸ்தானிய ஆய்வாளர்களும் கட்டுரைகளில் பெயர் பகிர்ந்தவர்கள். கவுர் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள வறண்ட ஓடைகளும் அரித்த மேடுகளும்தான் களம். புதைபடிவ வேட்டை என்றால் தோண்டுவது என்று பலர் நினைக்கிறோம். சிவாலிக்கில் முதல் வேலை நடப்பது, குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பது. மழை அரித்து வெளிக்கொணர்ந்த எலும்பு சரிவில் கிடக்கும். மானும் மாடும் போன்ற விலங்குகளின் துண்டுகள், பழங்குதிரைகள், யானைக் குடும்பத்தினர், முதலை, ஆமை எல்லாம் வரும். மனிதக் குரங்கு மிக அரிதாகவே வரும்.

ஓர் எலும்பு கிடைத்தால் அதைவிட முக்கியமானது அது கிடைத்த அடுக்கு. சிவாலிக்கில் காலத்தைக் கணிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகும். வடக்கு காட்டும் முள் தெற்கு காட்டும். கடைசியாக அது புரண்டது ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். வண்டல் படியும்போது அதிலுள்ள நுண்ணிய இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்தத் திசையில் அமர்ந்துவிடும். அடுக்கடுக்காகக் கல் எடுத்து அளந்தால், நேர், தலைகீழ், நேர் என்று ஒரு பட்டைக் கோலம் கிடைக்கும். உலகம் முழுவதற்கும் பொதுவான கோலத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தால் ஒவ்வோர் அடுக்கின் வயதும் தெரிந்துவிடும். ஆங்காங்கே படிந்த எரிமலைச் சாம்பல் அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறது.

எலிப் பற்களும் இங்கே பெரும்பங்கு ஆற்றின. மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, சல்லடையில் நீர்விட்டு அலசி, கடுகளவுப் பற்களைப் பொறுக்குவார்கள். லூயிஸ் ஜேக்கப்ஸ் போன்றவர்கள் இப்படிச் சேர்த்த சிவாலிக் எலிகளின் வரிசை, சுண்டெலியும் பெரிய எலியும் எப்போது பிரிந்தன என்று காட்டியது. பிற்காலத்தில் மூலக்கூற்றுக் கடிகாரங்களுக்கு அளவுகோலாக அந்தத் தேதியைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் புரதத்தின் கணக்கை எதிர்த்த முகாமின் களமே அந்தக் கணக்குக்கு ஊன்றுகோல் தந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

பல்வரிசைக் கேள்வி இதற்கிடையே உடைந்துகொண்டிருந்தது. கென்யாவில் கிடைத்து ராமாபிதெகஸோடு சேர்க்கப்பட்ட தாடைத் துண்டுகளை ஆலன் வாக்கரும் பீட்டர் ஆண்ட்ரூஸும் 1973இல் மறுபடி பொருத்திப் பார்த்தார்கள். மனித வளைவு வரவில்லை. போட்வாரிலேயே 1970களின் நடுவில் கிடைத்த ராமாபிதெகஸ் கீழ்த்தாடையும் முன்புறம் குறுகிப் பின்புறம் நேராக விரிந்தது. மனிதனுடையதும் அல்ல, இன்றைய மனிதக் குரங்குகளுடையதும் அல்ல. 1978இல் பில்பீம் வெளிப்படையாகவே எழுதினார்: மனிதனின் தோற்றம் பற்றிய நம் கோட்பாடுகள், உண்மையில் நடந்ததைவிடக் கோட்பாட்டாளர்களையே அதிகம் காட்டிக்கொடுத்து வந்திருக்கின்றன என்பது அதன் சாரம். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஒரு முகம் வெளிப்பட்டது

1979-80 வாக்கில் போட்வாரில் ஒரு மண்டையோடு கிடைத்தது. பதிவேட்டில் அதன் எண் ஜி.எஸ்.பி. 15000 (ஜி.எஸ்.பி. என்பது பாகிஸ்தான் நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கம்). முழு மண்டையோடு அல்ல. முகத்தின் பெரும்பகுதியும் தாடையும் இருந்தன. ஆனால் அதுவரை பல்லையும் தாடைத் துண்டையும் வைத்தே பேசி வந்த துறைக்கு முதன்முறையாக ஒரு முகம் தெரிந்தது. அது சிவாபிதெகஸின் முகம்.

அதைப் பார்த்த எவருக்கும் ஒரு விலங்குதான் நினைவுக்கு வரும். ஒராங்குட்டான். கண்குழிகள் அகலத்தைவிட உயரம் மிகுந்தவை. இரு கண்களுக்கும் இடையே உள்ள எலும்பு மிகக் குறுகியது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முகம் தட்டுப்போல உட்குழிந்திருக்கும். மேல்வரிசையில் நடு வெட்டுப்பற்கள் பெரியவை, பக்க வெட்டுப்பற்கள் மிகச் சிறியவை. மூக்கின் தரை முன்தாடையோடு சேருமிடம் படியில்லாமல் வழவழப்பாக ஓடுகிறது. இவை எல்லாம் ஒராங்குட்டானிடம் உண்டு, சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் இல்லை. பில்பீம் 1982இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டு பீட்டர் ஆண்ட்ரூஸும் ஜான் குரோனினும் வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தார்கள்.

ராமாபிதெகஸின் பற்களும் சிவாபிதெகஸின் பற்களும் ஏறக்குறைய ஒன்றே என்பது அதற்குள் தெளிவாகிவிட்டிருந்தது. தடித்த எனாமல் இரண்டுக்கும் பொது. கோரைப்பல் சிறிதாக இருந்ததற்கு எளிய விளக்கம், அது பெண் விலங்கு என்பதே. ஆக, ராமாபிதெகஸ் தனி விலங்கே அல்ல. அது சிவாபிதெகஸ். சிவாபிதெகஸோ ஒராங்குட்டான் பக்கத்து உறவு. மனிதக் கிளையின் தொடக்கத்தை ஆசியாவில் தேட வேண்டியதில்லை. சாரிச்சும் வில்சனும் சொன்ன திசை சரி. அவர்களுடைய 50 லட்சம் சற்றுக் குறைவு என்று பின்னர் தெரிந்தது. 2002இல் சாட் நாட்டிலிருந்து அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுப் பழமையான சகெலாந்திரோபஸ் மனிதக் கிளையின் மிகப் பழைய உறுப்பினராக இருக்கலாம் என்று முன்வைக்கப்பட்டது. மிஷேல் புருனே தலைமையிலான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலும் பில்பீம் பெயர் இருக்கிறது.

எலும்புக்கு அப்பால்

1981இல் பில்பீம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகும் போட்வார் பணி தொடர்ந்தது. ஆனால் கேள்வி மாறிவிட்டது. யார் யாருக்கு மூதாதை என்பதிலிருந்து, இந்த விலங்கு எப்படிப்பட்ட உலகில் வாழ்ந்தது, ஏன் மறைந்தது என்பதற்கு வந்தது. பழைய மண்ணிலும் பல் எனாமலிலும் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் சற்றே வேறுபடும் கார்பன் அணுக்களை அளந்தால், அங்கே மரங்கள் மிகுந்திருந்தனவா, வெப்பமண்டலப் புல்வெளி பரவியிருந்ததா என்று சொல்லிவிடலாம். சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சிவாலிக் சமவெளியில் காடு பின்வாங்கிப் புல் பெருகியது. சிவாபிதெகஸ் ஏறத்தாழ 85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்த மாற்றத்தின் வாசலிலேயே, மறைந்துவிட்டது. பல்லை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எனாமலில் நாளுக்கொரு கோடு தெரியும். மரத்தின் வளையத்தைப் போல அதை எண்ணி, ஒரு குட்டி எத்தனை வயதில் இறந்தது என்றுகூடக் கணக்கிடுகிறார்கள்.

இந்த வேலையைச் செய்ய ஒரே ஆளின் அறிவு போதாது. நிலவியலாளர், காந்தவியல் அறிந்தவர், எலிப் பல் வல்லுநர், வேதியியலாளர் எல்லோரும் ஒரே முகாமில் உட்கார வேண்டும். அமெரிக்காவில் இத்துறையினர் பலர் மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறு கற்பித்துச் சம்பளம் பெறுகிறார்கள். எலும்பையும் தசையையும் நாள்தோறும் கையாளும் ஒருவருக்குப் புதைபடிவம் எளிதில் பிடிபடும். நம் நாட்டில் நிலவியல் வழியாக வருபவர்கள் அதிகம். சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சிவாலிக் ஆய்வுக்குப் பேர்போனது. அங்குள்ள ராஜீவ் பட்நாயக் உள்ளிட்டோரும் அமெரிக்காவின் கிறிஸ்டோபர் கில்பர்ட் உள்ளிட்டோரும் சேர்ந்து ஜம்முவின் ராம்நகரில் 2015இல் ஒரே ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லைக் கண்டெடுத்தார்கள். அது என்ன என்று உறுதிசெய்து அறிவிக்க 2020 ஆயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ஆண்டுப் பழமையான அது, கிடைத்தவற்றில் மிகப் பழைய கிப்பன் உறவு என்று அவர்கள் முன்வைத்தார்கள். அதற்குக் கபி என்று பெயரிட்டார்கள். தமிழில் கவி என்று நாம் குரங்கைச் சொல்வதும் இதே சொல்லைத்தான்.

சிவாபிதெகஸின் கதை அந்த முகத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1990இல் பில்பீம் குழு சிவாபிதெகஸின் மேற்கை எலும்புகளை (தோளுக்கும் முழங்கைக்கும் இடையே உள்ளவை) வெளியிட்டது. ஒராங்குட்டான் கிளைகளில் தொங்கி வாழும் விலங்கு. அதன் மேற்கை எலும்பு அதற்கேற்ற வடிவம் கொண்டது. சிவாபிதெகஸின் எலும்போ வளைந்து, கிளைகளின் மேல் நான்கு காலில் நடந்த குரங்கின் எலும்பை ஒத்திருந்தது. முகம் ஒராங்குட்டானைக் காட்டுகிறது, கை அதை மறுக்கிறது. ஒன்று, தொங்கி வாழும் உடல் ஒராங்குட்டானுக்கும் சிம்பன்சிக்கும் தனித்தனியாக உருவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முகத்தின் ஒற்றுமை நம்மை ஏமாற்றியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்வது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு மனதாக இல்லை.

2015இல், மிஷெல் மார்கன் முதல் ஆசிரியராக, போட்வாரில் கிடைத்த ஓர் இடுப்பெலும்பு பற்றிய கட்டுரை வந்தது. சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுப் பழமையானது, சிவாபிதெகஸினுடையதாகக் கருதப்படுவது. இன்றைய பெரிய மனிதக் குரங்குகளின் இடுப்பெலும்பு அகன்றது. இதுவோ குறுகலாக, வாலுள்ள குரங்கின் எலும்பைப் போல இருந்தது. கை எழுப்பிய ஐயத்தை இடுப்பும் எழுப்பியது. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கடைசியாக நின்ற பெயர் டேவிட் பில்பீம். சைமன்ஸோடு சேர்ந்து ராமாபிதெகஸை மனிதக் குடும்பத்தில் சேர்த்த அந்தக் கட்டுரை வெளிவந்து அப்போது சரியாக 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.